வாழைத்தார் சுமந்தோர் பாட்டு

கைகள் ஓயாமல் உழைக்கும் இடத்தில் வாய் வாளா இருப்பதில்லை. ஏற்றம் இறைப்பவன் சாலை எண்ணிக்கொண்டே பாடுவான். நாற்று நடும் பெண்கள் குனிந்த முதுகின் நோவு மறக்கக் குரல் சேர்ப்பர். வலை இழுக்கும் மீனவர் அம்பாப் பாட்டின் தாளத்திற்கேற்பக் கயிற்றைப் பற்றுவர். நெல் குற்றும் மகளிர் பாடும் வள்ளைப் பாட்டுக்குத் தம் காப்பியத்தில் இடம் தந்தார் இளங்கோவடிகள். இத்தகைய பாடல்களால் விளையும் பயன் இரண்டு. பலர் கூடிச் செய்யும் வேலையை ஒரே வீச்சில் இயங்கச் செய்வது ஒன்று. நேரே சொல்ல இயலாத குறையைப் பாட்டின் மறைவில் சொல்லிவிடுவது மற்றொன்று. மேலாளின் காதில் அது வெறும் பாட்டாக விழும். உடன் உழைப்பவனின் நெஞ்சிலோ அது வழக்காக விழும்.

இது தமிழர்க்கு மட்டுமே உரிய இயல்பன்று. அட்லாண்டிக் கரையிலும் ஆப்பிரிக்கக் காட்டிலும் உழைத்தவர் யாவரும் பாடினர். அவர்கள் பாடியவற்றுள் பெரும்பகுதி காற்றோடு போயிற்று. தப்பிப் பிழைத்து உலகின் செவியெல்லாம் புகுந்த சிலவற்றுள் ஒன்று, ஜமைக்கா நாட்டு வாழைத்துறையில் பிறந்த 'டே-ஓ' என்னும் பாடல். ஹாரி பெலஃபாண்டே என்னும் பாடகர் 1955இல் அதனை இசைத்தட்டுக்காகப் பாடினார். அன்று முதல் விருந்துகளிலும் விளையாட்டு அரங்குகளிலும் சிறுவர் முகாம்களிலும் அது ஒலித்து வருகிறது. பாடிக் களிப்போருள் பலர் அதில் ஒரு கூலிக் கணக்கு அடங்கியிருப்பதை அறியார். அவ்வொலிப்பதிவு எதைக் காத்தது, எதை நழுவவிட்டது என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வாழை வந்த வழி

கரிபியக் கடலிலுள்ள ஜமைக்கா, பிரித்தானியர் ஆட்சியில் கரும்பாலும் அடிமை உழைப்பாலும் பொருள் குவித்த தீவு. 1834இல் அடிமை முறை சட்டத்தால் ஒழிந்தது. 1838 ஆகஸ்டு முதல் நாளில் முழு விடுதலை வந்தது. விடுதலை பெற்ற கறுப்பின மக்களுள் பலர் கரும்புத் தோட்டங்களை விட்டு நீங்கி, மலைச்சரிவுகளில் துண்டு நிலம் தேடிக் குடியேறினர். தோட்ட முதலாளிகள் மலிவான கைகளைத் தேடி இந்தியாவின் பக்கம் திரும்பினர். 1845 முதல் 1917 வரை ஏறத்தாழ 36,000 இந்தியர் ஒப்பந்தக் கூலிகளாக அத்தீவுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களுள் வடஇந்தியரே மிகுதி. சென்னையில் கப்பலேறியோரும் உண்டு. கரும்புத் தோட்டத்தில் தொடங்கிய அவர்கள் உழைப்பு பின்னர் வாழைத்தோட்டங்களிலும் தொடர்ந்தது. ஆகவே ஜமைக்காவின் வாழை வரலாறு நம்முடைய கடல் கடந்த வரலாற்றுக்கு முற்றிலும் அயலானதன்று.

வாழைப்பழம் பெருவணிகப் பொருளானது 19ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில்தான். 1870இல் லொரென்சோ டௌ பேக்கர் என்னும் அமெரிக்கக் கப்பல் தலைவர் ஜமைக்காவில் வாழைத்தார்களை ஏற்றிச் சென்று அமெரிக்காவில் விற்று ஊதியம் கண்டார். 1885இல் பாஸ்டன் பழ நிறுவனம் எழுந்தது. 1899இல் அது பெரிய கூட்டு ஒன்றில் கலந்து யுனைடெட் ஃபுரூட் நிறுவனமாக வளர்ந்தது. வடகிழக்குக் கரையிலுள்ள போர்ட் அந்தோனியோ போன்ற சிறு துறைகள், பழக்கப்பல்கள் வந்து போகும் பெருந்துறைகளாயின. மலையில் குடியேறியிருந்த சிறு விவசாயியும் தன் நிலத்து வாழையைக் கொண்டுவந்து விற்றான். காசு புழங்கியது, ஆயினும் விலையை வகுக்கும் அதிகாரம் கப்பலை வைத்திருந்தவர் கையிலேயே இருந்தது.

வாழை பொறுத்திருக்கும் பொருளன்று. காயாக வெட்டிய தார், பழுக்கத் தொடங்குமுன் கப்பலேற வேண்டும். கப்பலும் தாமதமின்றிப் புறப்பட வேண்டும். கப்பல் துறையை அடைந்துவிட்டால் பகல் இரவு என்ற வேறுபாடு மறைந்துவிடும். விளக்கொளியில் இரவெல்லாம் ஏற்றுமதி நடக்கும். அக்காலத்தில் பழத்தைச் சீப்புச் சீப்பாக அறுத்துப் பெட்டியில் அடைக்கும் வழக்கம் இல்லை. தடித்த தோலையுடைய குரோ மிஷெல் என்னும் வாழை வகை முழுத்தாராகவே பயணத்தைத் தாங்கியது. ஆகவே ஒவ்வொரு தாரையும் ஓர் ஆள் சுமந்து செல்ல வேண்டியிருந்தது. சுமந்தோருள் பெண்கள் மிகப் பலர். தலையில் வாழைத்தார் ஏந்தி வரிசையாக நடக்கும் ஜமைக்கப் பெண்களின் பழைய நிழற்படங்கள் இன்றும் காணக் கிடைக்கின்றன. பிற்காலத்தில் ஆண்குரலால் புகழ்பெற்ற இப்பாட்டின் பின்னே, அப்பெண்களின் கழுத்தும் தோளும் தாங்கிய பாரம் இருக்கிறது என்பதை நாம் மறத்தலாகாது.

எண்ணிக்கையின் மொழி

கப்பலை நோக்கிச் செல்லும் வழியில் ஒருவர் நின்று தார்களை எண்ணுவார். அவர் எண்ணியதே கணக்கு, அக்கணக்கே கூலி. மலாயாத் தோட்டங்களில் பால் நிறுக்கும் கொட்டகையில் கிராணியார் ஏட்டில் எழுதிய எண்ணுக்கு எத்தகைய ஆற்றல் இருந்ததோ, அத்தகைய ஆற்றல் அவருடைய வாய்ச்சொல்லுக்கும் இருந்தது. இரவு முழுதும் சுமந்தவர்கள், பொழுது புலரும் வேளையில் அவரை விளித்துத் தம் சுமையை எண்ணி முடிக்குமாறு கேட்கின்றனர். எண்ணி முடித்தால் வீடு திரும்பலாம் என்கின்றனர். பாட்டின் பொருள் இவ்வளவே. இடையே களைப்பைப் போக்கும் மதுவைப் பற்றி ஒரு சொல். தாருக்குள் பதுங்கியிருக்கும் கருஞ்சிலந்தியைப் பற்றி ஒரு சொல். தலைவன் தலைவி இல்லை, தத்துவம் இல்லை. ஆயினும் ஓர் இரவின் உழைப்பு முழுவதும் அதில் அடங்கிவிட்டது.

தாரின் அளவைச் சொல்லும் பகுதி தனியே கருதத்தக்கது. நாம் சீப்பு என்று கூறுவதை ஆங்கிலம் பேசுவோர் கை என்று கூறுவர். ஜமைக்காவின் வாழை வணிகத்தில் தாரின் மதிப்பை வகுத்தது இச்சீப்புக் கணக்கே. ஒன்பது சீப்பு உடையது முழுத்தார். எட்டுச் சீப்பு உடையதை முக்கால் தார் என்றும், ஏழு உடையதை அரைத்தார் என்றும், ஆறு உடையதைக் கால் தார் என்றும் கொள்வர். ஒரு சீப்புக் குறைந்தாலும் மதிப்பில் காற்பங்கு போய்விடும். ஆறு சீப்புத் தாரைப் பேணி வளர்த்த விவசாயிக்குக் கிடைப்பது ஒரு தாரின் காற்பங்கு மதிப்பே.

ஊர்மக்கள் பாடும் வடிவங்களில் ஆறு, ஏழு, எட்டு என்று சீப்பைச் சொல்லித் தாரை எண்ணுவதுண்டு. அவ்வெண்கள் ஓசைக்காக அடுக்கப்பட்டவை போலத் தோன்றலாம். வணிக வழக்கை அறிந்து கேட்போர்க்கோ, அவை முழுமையை எட்டாத மூன்று அளவுகள். கால், அரை, முக்கால். பெலஃபாண்டேயின் பதிவில் கை என்பது அடி என மாறிவிட்டது. ஆறடி, ஏழடி, எட்டடித் தார் என்றால் ஆளின் உயரத்தையும் விஞ்சிய தாராகும். கேட்போர்க்கு அது வியப்பூட்டும். வீரம் போலவும் தோன்றும். ஆனால் சந்தைக் கணக்கு அங்கே மறைந்துவிட்டது. ஒரே ஒரு சொல் மாறியதால் பேரேட்டுப் பக்கம் ஒன்று வேடிக்கைச் சித்திரமாகிவிட்டது. நாட்டார் பாடல்களை ஏட்டிலோ தட்டிலோ ஏற்றுவோர், தொழிலுக்குரிய சொல்லைத் தொழிலறிந்தவரிடம் கேட்டே எழுத வேண்டும் என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

ஏடேறிய பாட்டு

ஜமைக்க மக்களின் உழைப்புப் பாடல்களைத் தொகுக்கும் முயற்சி முன்னரே தொடங்கியிருந்தது. வால்டர் ஜெக்கில் என்னும் ஆங்கிலேயர் 1907இல் அத்தீவின் கதைகளையும் பாடல்களையும் நூலாக வெளியிட்டார். நிலம் கொத்துவோர் பாட்டில் ஒருவர் முன்னே பாடுவதையும், மற்றவர் திரும்பத் திரும்ப ஒரே விடையை இசைப்பதையும் அவர் குறித்துள்ளார். முன்பாட்டும் பின்பாட்டும் கொண்ட இவ்வமைப்பு ஆப்பிரிக்க மரபின் தொடர்ச்சி. முன்பாடுவோர் புதிய அடிகளைப் புனைவார். பின்பாடுவோர் மாறாத அடியால் அதனைத் தாங்குவர். தனிமனிதன் அறிவும் கூட்டத்தின் வலிமையும் ஒருங்கே இயங்கும் முறை இது.

வாழைத்துறைப் பாட்டை இசைத்தட்டில் முதலில் பதித்தவர்களுள் ஒருவர் எட்ரிக் கானர். திரினிடாடில் பிறந்து இங்கிலாந்தில் புகழ் பெற்ற இப்பாடகர், 1952இல் ஜமைக்கப் பாடல்களின் தொகுப்பு ஒன்றை வெளியிட்டார். 1954இல் ஜமைக்காவின் மக்கள் கவிஞர் லூயிஸ் பென்னெட் அம்மையார் அதே பாட்டைத் தம் நாட்டார் பாடல் தட்டில் பாடினார். பள்ளிகளில் இழிவாகக் கருதப்பட்ட ஜமைக்கப் பேச்சு மொழியைக் கவிதைக்குரியதாக நிலைநாட்டிய பெருமை அவருக்குண்டு. இவ்விருவர் பாடிய வடிவங்களே பெலஃபாண்டேயின் பாட்டுக்கு அடிப்படையாயின.

1955ஆம் ஆண்டின் ஒலிப்பதிவு

ஹாரி பெலஃபாண்டே 1927இல் நியூயார்க் நகரின் ஹார்லெம் பகுதியில் பிறந்தவர். அவருடைய தாயார் ஜமைக்காவில் பிறந்தவர். சிறுவயதில் சில ஆண்டுகள் பெலஃபாண்டே ஜமைக்காவில் பாட்டியிடம் வளர்ந்தார். அத்தீவின் சந்தையும் துறைமுகமும் வழிநடைப் பாட்டும் அவர் செவியில் அப்போதே பதிந்தன. இர்விங் பர்கி, வில்லியம் அட்டவே ஆகிய இருவர் பழைய பாட்டின் சொற்களைச் செப்பனிட்டு அவருக்குத் தந்தனர். பர்கி நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்தவர். அவர் தாயார் பார்படோஸ் தீவினர். பின்னாளில் அத்தீவின் நாட்டுப்பண்ணை இயற்றியவரும் அவரே. அட்டவே, எஃகாலைக் கறுப்பினத் தொழிலாளரின் வாழ்வை நாவலாக எழுதியவர். உழைப்பை அறிந்த எழுத்தாளரின் கை இப்பாட்டில் பட்டிருப்பது நினைவில் கொள்ளத்தக்கது.

1955 அக்டோபரில் நியூயார்க்கில் பதிவு நடந்தது. 1956இல் 'கலிப்ஸோ' என்னும் பெயருடன் ஆர்.சி.ஏ. விக்டர் நிறுவனம் வெளியிட்ட நெடுந்தட்டில் இதுவே முதற்பாடல். அமெரிக்க விற்பனைப் பட்டியலில் அத்தட்டு 31 வாரங்கள் முதலிடத்தில் நின்றது. தனிப்பாடகர் ஒருவரின் நெடுந்தட்டு பத்து இலட்சம் படிகளுக்கு மேல் விற்றது இதுவே முதன்முறை என்பர்.

இப்பதிவின் சிறப்பு அதன் தொடக்கத்திலேயே விளங்கிவிடுகிறது. இசைக்கருவிகளின் ஆரவாரம் இல்லை. ஒற்றைக் குரல் ஒன்று நெடிதாக எழுந்து வெளியெங்கும் பரவுகிறது. கடற்கரையில் நின்று தொலைவிலுள்ளோரை விளிக்கும் குரல் அது. அரங்கினுள் நின்று பாடும் குரலன்று. விளியைத் தொடர்ந்து ஆடவர் குழு தன் விடையைத் தருகிறது. பின்னரே மெல்லிய தாளம் சேர்ந்துகொள்கிறது. ஒவ்வோர் அடியிலும் முன்பாடுவோரின் சொல் மாறுகிறது. குழுவின் விடையோ விடியலையும் வீட்டையும் விட்டு அகலுவதில்லை. மூன்று நிமிட அளவிலான அப்பாட்டு, தொடங்கிய அதே நெடுவிளியோடு முடிகிறது. வேலை தீர்ந்ததா, கணக்கு நேரானதா என்பதைப் பாட்டு சொல்வதில்லை. மறுநாளும் கப்பல் வரும்; மறுநாளும் எண்ண வேண்டும் என்பதை அம்முடிவு உணர்த்துவதாகக் கொள்ளலாம்.

பெலஃபாண்டே ஜமைக்கப் பேச்சின் சாயலை வைத்துக்கொண்டார். அமெரிக்கர் விளங்கிக்கொள்ளும் அளவுக்கு அதன் கரடுமுரடுகளைத் தணித்தார். இதனைக் குறை என்போரும் உண்டு. முதுகெலும்பாகிய முன்பாட்டையும் பின்பாட்டையும் அவர் கெடுக்கவில்லை. சந்தைக்கென அழகுபடுத்தப்பட்ட அப்பதிவிலும் பலர் கூடி உழைத்ததன் ஒலி மறையவில்லை. அதனாலேயே மொழி அறியாதவரும் ஒருமுறை கேட்டவுடன் பின்பாட்டில் சேர்ந்துகொள்கின்றனர்.

பெயரும் பங்கும்

தட்டுக்குச் சூட்டிய பெயரில் ஒரு பிழை நேர்ந்தது. கலிப்ஸோ திரினிடாடுக்கு உரிய இசை. நாட்டு நடப்பை எள்ளி நகையாடிப் பாடுவது. ஜமைக்காவின் நாட்டார் இசைக்கு மென்டோ என்று பெயர். வாழைத்துறைப் பாட்டு அவ்வழியைச் சேர்ந்தது. வணிகர்க்கு வேறுபாடு வேண்டியதில்லை. கரிபியத் தீவுகள் அனைத்தையும் ஒரே பெயரில் அடைத்து விற்றனர். பெலஃபாண்டே கலிப்ஸோ மன்னர் என விளம்பரப்படுத்தப்பட்டார்.

அடுத்து உரிமையின் வரலாறு. அதே காலத்தில் டேரியர்ஸ் என்னும் குழுவினர் இப்பாட்டை ஜமைக்காவின் மற்றொரு நாட்டார் பாடலோடு இணைத்துப் பாடினர். 1957இல் அவர்கள் பதிவு நான்காம் இடத்தையும், பெலஃபாண்டேயின் தனித்தட்டு ஐந்தாம் இடத்தையும் பிடித்தன. ஒன்றில் பர்கி, அட்டவே ஆகியோரின் பெயர்கள். மற்றொன்றில் டேரியர்ஸ் குழுவினர் மூவரின் பெயர்கள். ஒரே பாட்டுக்கு இருவேறு ஆசிரியர் கூட்டங்கள் எழுந்தன. இரவில் தார் சுமந்து, நடையின் இடையே அடியை அடுக்கிய எந்தப் பெண்ணின் பெயரும், எந்த ஆணின் பெயரும் எத்தட்டிலும் இல்லை. செப்பனிட்டவர்க்கு உரிமை வேண்டாம் என்பது நம் கருத்தன்று. அவர்கள் உழைப்பும் உழைப்பே. ஆயினும் நேரான எண்ணிக்கை கேட்டுப் பிறந்த பாட்டு, தானே வரவு வைக்கப்பட்டபோது தன்னைப் பெற்றவர்களை எண்ணாமல் விட்டது வரலாற்றின் கொடிய முரண்களுள் ஒன்றாகும்.

கேளிக்கையும் கிளர்ச்சியும்

பாட்டில் இருந்த குறை நிலத்தில் கிளர்ச்சியாக வெடித்த காலமும் உண்டு. 1938இல் ஜமைக்காவின் ஃபுரோம் கரும்பாலையில் கூலிக்காக எழுந்த போராட்டம் தீவெங்கும் பரவியது. அவ்வாண்டு மே மாதத்தில் கிங்ஸ்டன் துறைமுகத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். அந்நெருப்பிலிருந்து தொழிற்சங்கங்களும் அரசியல் கட்சிகளும் எழுந்தன; 1962 ஆகஸ்டு 6இல் நாடு விடுதலை பெற்றது. கணக்கனை விளித்துக் கெஞ்சிய குரலும், வேலையை நிறுத்தி நியாயம் கேட்ட குரலும் ஒரே தொண்டையிலிருந்து வந்தவை என்றே கொள்ள வேண்டும்.

பெலஃபாண்டே அதனை உணர்ந்திருந்தார். பதிவு நடந்த சில வாரங்களில், 1955 டிசம்பரில், அமெரிக்காவின் மான்ட்கோமரி நகரில் கறுப்பின மக்கள் பேருந்துப் புறக்கணிப்பைத் தொடங்கினர். 1956இல் மார்ட்டின் லூதர் கிங்கைச் சந்தித்த பெலஃபாண்டே இறுதிவரை அவருக்குத் துணைநின்றார். 1963இல் பர்மிங்காம் போராட்டத்தில் சிறைப்பட்டோரைப் பிணையில் மீட்கப் பொருள் திரட்டினார். வாழைப்பாட்டு தந்த புகழே அவரைக் கேட்கச் செய்தது. அப்புகழை அவர் உரிமைப் போருக்குப் பயன்படுத்தினார். மக்கள் ஆடிக் களிக்கும் இப்பாட்டு உழைப்போர் நேர்மையான கணக்கு கேட்கும் பாட்டென்று முதுமையிலும் எடுத்துரைத்தார்.

உலகமோ அதனை வேறுவகையில் ஏற்றது. 1985 ஜனவரியில் ஆப்பிரிக்கப் பஞ்சத் துயர் தீர்க்க அமெரிக்கப் பாடகர்கள் கூடிப் பாடிய இரவில், பெலஃபாண்டேயைப் பாராட்டும் முகமாக அனைவரும் இப்பாட்டையே எடுத்துப் பாடினர். 1988இல் ஒரு நகைச்சுவைத் திரைப்படத்தில், விருந்தினர் தம்மையறியாது ஆடுவதற்குரிய பாட்டாக இது பயன்பட்டது. 2023 ஏப்ரல் 25இல், தம் 96ஆம் வயதில், பெலஃபாண்டே மறைந்தார்.

நமக்குரிய பாடம்

நாட்டார் பாடல் இசைத்தட்டில் ஏறுவது வாழ்வா, வீழ்வா? இவ்வரலாற்றை நோக்குமிடத்து இரண்டும் என்றே விடைதர வேண்டியிருக்கிறது. பதிவு இல்லையேல் ஜமைக்கத் துறையின் நள்ளிரவு நம் செவிக்கு எட்டியிராது. முழுத்தாராகப் பழம் ஏற்றும் வழக்கம் மறைந்து, பெட்டிகளும் பொறிகளும் வந்தன. குரோ மிஷெல் வாழையைப் பனாமா நோய் வீழ்த்தி, வேறு வகைகள் அதன் இடத்தைப் பற்றின. சுமப்போரும் எண்ணுவோரும் அகன்றபின் பாட்டு எஞ்சியது தட்டினால்தான். ஆயினும் தட்டில் ஏறும்போது சீப்பு அடியாயிற்று, பெண் மறைந்தாள், உரியோர் பெயர் விடுபட்டது. பதிவு காப்பது ஓசையை. பொருளைக் காக்கும் பொறுப்பு கேட்போரையும் எழுதுவோரையும் சார்ந்தது.

மலேசிய, சிங்கப்பூர்த் தமிழர்க்கு இஃது அயலார் கதையாக முடிந்துவிடலாகாது. பால் வெட்டியும் செம்பனைக் குலை சுமந்தும் துறைமுகத்தில் மூட்டை தூக்கியும் நம் முன்னோர் பாடியவை பல. பாடியவர் பெயர், பாடப்பெற்ற தோட்டம், பாட்டில் வரும் தொழிற்சொல்லின் பொருள் ஆகிய மூன்றையும் சேர்த்தே அவற்றைப் பதிவு செய்தல் வேண்டும். நாளை ஓர் இளைஞன் அப்பாட்டுக்குப் புதிய இசை அமைத்து உலகறியச் செய்யலாம், மகிழ்வோம். அன்று பாட்டோடு பாடியவள் பெயரும் செல்ல, இன்றே அதனை எழுதிவைப்போம். இரவெல்லாம் சுமந்தவர்கள் விடியலில் கேட்டது நேரான எண்ணிக்கை. எண்ணும் கோல் இப்போது நம் கையில் இருக்கிறது.